ஐந்து பேர் எழுதிய நோட்டு

அப்பா இறந்து நாற்பத்தோரு நாள் ஆகிறது. பெயர் சு. ஐயம்பெருமாள். வயது நாற்பத்தொன்பது. பேட்டையில் ஒரு நூற்பாலையில் பதினேழு வருடம் வேலை பார்த்தார். வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்தவரை, மில் கம்ப்யூட்டர் வாங்கியபோது மூன்று வாரப் பயிற்சிக்கு மதுரைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் அவர்தான் கணினிப் பிரிவு. பிரிவு என்றால் அவர், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மில்லிலேயே ஏசி போட்ட ஒரே அறை. பஞ்சுத் தூசி படாமல் இருக்கப் போட்ட ஏசி. அப்பாவுக்காகப் போட்டதில்லை.

மூன்று வாரப் பயிற்சியில் என்ன வந்துவிடும்? சம்பளச் சீட்டு அச்சிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வரி கீழே இறங்கியது. பன்னிரண்டாவது பக்கத்தில் ஒருவர் பெயர் அடுத்தவர் சீட்டில் வந்தது. மேலப்பாளையத்தில் ஒரு பீடிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த மீரா முகைதீன் மாமாவுக்கும் அதே தொல்லை இருந்ததாக யாரோ சொல்ல, அப்பா சைக்கிளில் போய்ப் பார்த்தார். மாமா ஒரே ஒரு வரி சொல்லிக் கொடுத்தார். பக்கத்தின் நீளத்தைப் பிரிண்டருக்கு முதலிலேயே சொல்லும் வரி. அப்பா அதைச் சிகரெட் அட்டையின் உட்பக்கத்தில் எழுதிவந்தார். அவர் சிகரெட் பிடிப்பவர் இல்லை. மாமாவின் அட்டை.

அப்படித்தான் 1991-இல் நோட்டு தொடங்கியது. நீள நோட்டு, நானூறு பக்கம், காலிகோ துணி ஒட்டிய அட்டை. அதில் ஐந்து பேர் எழுதினார்கள். அப்பா, மீரா மாமா, ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு உர ஏஜென்சியில் வேலை பார்த்த யூனிஸ் அக்கா, தச்சநல்லூரில் ஒரு எண்ணெய் வியாபாரியிடம் கணக்குப் பார்த்த சிவசண்முகம், ஜங்ஷனில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய குமரகுருபரன். நோட்டு ஒவ்வொருவரிடமும் பத்து நாள் இருக்கும். படிப்பார்கள், வேண்டியதைத் தங்கள் மெஷினில் அடித்துக்கொள்வார்கள், தாங்கள் கண்டுபிடித்ததை எழுதி அடுத்தவருக்கு அனுப்புவார்கள். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பஸ் கண்டக்டர் கையில் போகும், வரும். ஐந்து வருடத்தில் ஒரு முறைகூடத் தொலையவில்லை.

நோட்டில் இருந்தவை பெரிய புரோகிராம்கள் அல்ல. பத்து வரி, இருபது வரி. அப்பா அவற்றைத் துண்டு என்பார். தொகையை லட்சம், கோடி என்று எழுத்தில் எழுதித் தரும் துண்டு சிவசண்முகம் தந்தது. கரண்ட் போய் வந்தால் ஃபைல் கெட்டுப்போகும். அதைச் சரிசெய்யும் துண்டு யூனிஸ் அக்காவுடையது. ஃபிளாப்பியில் தருவதில்லை என்று அப்பா விதி வைத்திருந்தார். வைரஸ் பயம் ஒன்று. கையால் எழுதினால்தான் படித்துப் பார்த்து எழுதுவார்கள் என்பது இன்னொன்று.

அதைவிடக் கறாராக இருந்தது ஒரு விஷயத்தில். ஓட்டிப் பார்க்காத எதையும் நோட்டில் எழுதக் கூடாது. எழுதினால், கம்ப்யூட்டர் என்ன அச்சிட்டதோ அதையும் கீழே அப்படியே எழுத வேண்டும். பெயரை மாற்றக் கூடாது, எண்ணை மாற்றக் கூடாது.

"மாதிரிக்குன்னு நாமளா ஒரு கணக்க எழுதுனா, அது நமக்குத் தோதாத்தான் வரும். நெசமா ஓடினத எழுதினாத்தான் அடுத்தவன் நம்புவான்" என்பார்.

இதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். உரம் வாங்கிய விவசாயிகளின் பெயர், எண்ணெய் வியாபாரியின் வாடிக்கையாளர் பெயர், பீடி சுற்றும் பெண்களின் பெயர் எல்லாம் அந்த நோட்டில் இருந்தன. ஐந்து பேரைத் தவிர யார் பார்க்கப் போகிறார்கள்?

1994-இல் மில் மேனேஜர் அப்பாவிடம் ஒரு பட்டியல் கேட்டார். ஒரு தொழிலாளி ஒரு வருடத்தில் இருநூற்று நாற்பது நாள் தொடர்ந்து வேலை செய்துவிட்டால் சட்டப்படி அவருக்குச் சில உரிமைகள் வந்துவிடும். அதற்கு முன்பே நிறுத்தி, சில வாரம் கழித்துப் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வது மில்லின் வழக்கம். அதுவரை கையால் எண்ணிக்கொண்டிருந்தார்கள். தவறு வந்தது. அப்பா ஒரு துண்டு எழுதினார். வருகைப் பதிவை எடுத்து, எந்த நாளைச் சேர்ப்பது, எதை விடுவது என்று பார்த்து எண்ணும். இருநூற்று முப்பத்தைந்தைத் தாண்டினால் கடைசிப் பத்தியில் 'ஸ்டாப்' என்று அச்சிடும்.

நாற்பது வரி. தேதியை இவ்வளவு சுத்தமாகக் கையாண்ட துண்டு நோட்டில் வேறு இல்லை. அப்பா சந்தோஷமாக அதை நோட்டில் எழுதினார். கீழே வெளியீட்டையும் எழுதினார். பதினோரு தொழிலாளிகளின் டோக்கன் எண், பெயர், நாள் எண்ணிக்கை, பதினோரு 'ஸ்டாப்'. நானும் அதைப் படித்தேன். அப்போது இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். தேதிக் கணக்கைத்தான் பார்த்தேன். அப்பாவும் அதைத்தான் பார்த்தார்.

1995 ஐப்பசியில் நோட்டு குமரகுருபரனிடம் போனது. பத்து நாளில் வரவில்லை. மஞ்சள் காமாலை என்று சொல்லி அனுப்பினார். அவரும் அப்பாவும் பி.யு.சி. ஒரே பெஞ்ச். அப்பா ஆற்றங்கரை வயல் வரப்பில் கீழாநெல்லி பறித்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனார். நோட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. தை மாதம் நோட்டு வந்தது. அட்டை புதிதாகப் பைண்டு செய்யப்பட்டிருந்தது. "எவ்வளவு அக்கறையாப் பாத்திருக்கான் பாரு" என்றார் அப்பா.

ஜூன் மாதம் ஜங்ஷன் கடைகளில் ஒரு புத்தகம் தொங்கியது. 'கணினி: நூறு தீர்வுகள்'. ஆசிரியர் குமரகுருபரன். முன்னுரையில், பத்து வருட அனுபவத்தில் தானே கண்டறிந்தவை என்று எழுதியிருந்தார். முன்னுரைத் தேதி 1995 டிசம்பர். காமாலை மாதம்.

அப்பா ஒரு பிரதி வாங்கி வந்து, நோட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். தொண்ணூற்று மூன்று துண்டுகள் நோட்டில் இருந்தவை. தப்பு இருந்த இடத்தில் தப்பும் அப்படியே. வெளியீடும் அப்படியே.

மறுநாள் நான் ஓட்ட, டிவிஎஸ் ஃபிஃப்டியில் சென்டருக்குப் போனோம். குமரகுருபரன் அப்பாவைக் கண்டதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாரும்வே வாரும். புஸ்தகம் பாத்தீரா? உமக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்."

"வாங்கிட்டேன்."

"துட்டுக் கொடுத்தா? என்னவே நீரு!"

"எங்க பேரு ஒரு எடத்துலயும் இல்லியே குமரு."

"நோட்டு எல்லாருக்கும் பொதுன்னு நீருதானவே சொன்னீரு?"

"பொதுன்னா ஒம்பேர மட்டும் எப்படிப் போட்ட?"

குமரகுருபரன் சிரித்தார். "அஞ்சு பேரு பேரு போட்டா அது புஸ்தகமாவே? கல்யாணப் பத்திரிகை. படிக்கப்போற பயலுவளுக்கு யாரு எழுதினா என்ன?" பிறகு என்னைப் பார்த்து, "ஏட்டி, இன்ஜினீயரு, நீயே சொல்லு, ஒப்பன் கோவிச்சுக்கிடுதது நியாயமா?" என்றார்.

என்னைப் பேச விடாமல் அப்பா முந்திக்கொண்டார்.

"சரி. அறுபத்தேழாம் பக்கத்துல எங்க மில்லு வெளியீடு இருக்கு. ஆளுங்க பேரு இருக்கு. அத மட்டுமாவது அடுத்த பதிப்புல எடுத்திரு."

"எடுத்திருதேன்வே. காப்பி சாப்பிடும்."

அப்பா காப்பி குடித்தார். அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அடுத்த பதிப்புவரை காத்திருக்கத் தேவைப்படவில்லை. ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் சொரிமுத்து எங்கள் வீட்டுக்கு வந்தார். மில்லில் ஸ்பின்னிங் பிரிவுத் தொழிலாளி. வருடத்துக்கு ஒரு முறை நிறுத்தப்பட்டுத் திரும்பச் சேர்ந்துகொண்டிருந்தவர். அவருடைய மச்சான், குமரகுருபரனின் சென்டரில் படித்தானாம். அறுபத்தேழாம் பக்கத்தின் ஜெராக்ஸ் கையில் இருந்தது.

"அண்ணாச்சி, இதுல டோக்கன் நானூத்திப் பதினேழு நாந்தான்."

அப்பா வாங்கிப் பார்த்தார்.

"இந்தக் கடைசில 'ஸ்டாப்'னு போட்டிருக்குல்லா, இது யாரு போட்டது? மிஷினா, நீங்களா?"

"மிஷினுதான் போடும்." அப்பா நிறுத்தினார். "நான் எழுதிக் கொடுத்தபடி போடும்."

சொரிமுத்து கோபப்படவில்லை. "நாங்க ஏதோ மேனேசரு வாய்க்கு வந்தபடி நிறுத்துதாருன்னு நெனச்சோம். இவ்வளவு கணக்காப் பண்ணுதீங்கன்னு தெரியாது" என்றார். ஜெராக்ஸைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டார். "இத யூனியன்ல கொடுக்கப் போறேன் அண்ணாச்சி. ஒங்க கிட்ட சொல்லிட்டுச் செய்யணும்னு வந்தேன்."

"கொடு" என்றார் அப்பா.

யூனியன் அந்தப் பக்கத்தைத் தொழிலாளர் அதிகாரியிடம் கொடுத்தது. திட்டமிட்டு ஆட்களை நிறுத்துகிறார்கள் என்பதற்கு அச்சில் ஆதாரம். பத்தே நாளில் அப்பாவுக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. நிர்வாகத்தின் ரகசிய ஆவணத்தை வெளியாளுக்குக் கொடுத்த குற்றம். விளக்கம் சரியில்லை என்றால் வேலை போகும். எனக்கு இறுதியாண்டு ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. தம்பி ப்ளஸ் டூ.

அப்பாவிடம் பதில் இருந்தது. ரகசியத்தை விற்கவில்லை; இந்த ஊரில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஐந்து பேர் ஒருவருக்கொருவர் கற்றுக்கொள்ள வைத்திருந்த நோட்டு இது; எல்லாரும் தங்கள் அலுவலக வெளியீட்டை எழுதியிருக்கிறார்கள்; அவர்களில் ஒருவர் கேட்காமல் அச்சிட்டுவிட்டார். ஐந்து பேரின் எழுத்தும் உள்ள நோட்டை விசாரணையில் காட்டுகிறேன். இப்படி எழுதிக் கொடுத்தார். பொய் இல்லை. கேட்பவர்களுக்குப் புரியக்கூடியது. பழக்கம் என்று நிரூபித்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்று மில்லிலேயே ஒருவர் சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம். நோட்டை வீட்டிலேயே பூட்டி வைத்திருக்கலாம். ஆனால் அதில் இருந்தது மற்றவர்களின் எழுத்து. அவர்களைக் கேட்காமல் விசாரணையில் வைப்பது முறையில்லை என்றார். நோட்டை மறுபடி சுற்றில் விட்டார். முதல் பக்கத்தில் ஒரு சீட்டு: 'நடந்ததை அறிவீர்கள். உங்கள் துண்டுகளுக்குக் கீழே கையெழுத்திட்டு அனுப்பவும். விசாரணை அக்டோபர் 21. ஐ.'

"நேர்ல போயி வாங்கிட்டு வாங்க" என்றாள் அம்மா.

"நேர்ல போயி நின்னா கட்டாயப்படுத்தின மாதிரி ஆயிரும்லா? எப்பவும் போல போயிட்டு வரட்டும்."

"எப்பவும் போலயா இருக்கு இப்ப?"

நோட்டு மேலப்பாளையம் போனது. அங்கிருந்து ஸ்ரீவைகுண்டம், அங்கிருந்து தச்சநல்லூர். குமரகுருபரனுக்கு அனுப்பவில்லை. அக்டோபர் 18 அன்று சிவசண்முகம் கடைப் பையன் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டு நிற்காமல் போனான்.

கையில் வாங்கியதுமே எடை குறைவாக இருந்தது.

மீரா மாமா எழுதிய தாள்கள் இல்லை. சிவசண்முகத்தின் தாள்கள் இல்லை. பிளேடால் வெட்டியிருந்தார்கள். நடுவில் தைத்த நோட்டில் ஒரு தாளை அடியோடு வெட்டினால் அதன் ஜோடித் தாள் கழன்றுவிடும். அப்பா எழுதிய தாள் கழலக் கூடாது என்று கால் அங்குலம் விட்டு வெட்டியிருந்தார்கள். அவ்வளவு கவனம். யூனிஸ் அக்கா வெட்டவில்லை. அவர் பல இடங்களில் அப்பா எழுதிய தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். அந்தப் பக்கங்களின் மேல் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தார். குமரகுருபரன் ஐந்து வருடத்தில் எழுதியது நான்கே தாள். அவையும் இல்லை. பைண்டு செய்தபோதே போயிருக்க வேண்டும். நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

எனக்கு ஏன் என்று புரிந்தது. அவர்களும் முதலாளியின் விவரங்களைத்தான் எழுதியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் அப்பாவுக்கு வந்த கடிதம் அவர்களுக்கும் வரும். ஒருவர் மறுத்திருந்தால் அப்பா புரிந்துகொண்டிருப்பார். 'என்னால் முடியாது' என்று அந்தச் சீட்டிலேயே எழுதியிருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒருவர் வெட்டியதைப் பார்த்த பிறகுதான் அடுத்தவர் தன்னுடையதை மறைத்திருக்கிறார். அப்படியே அடுத்தவருக்கு அனுப்பியிருக்கிறார்.

மீதி இருந்தது அப்பாவின் கையெழுத்து மட்டும். ஐந்து பேர் நோட்டு என்று எழுதிக் கொடுத்தவரின் கையில், ஒரே ஆள் எழுதிய நோட்டு.

அப்பா யூனிஸ் அக்காவின் பக்கம் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழுப்புத் தாளுக்குள்ளே எழுத்து லேசாகத் தெரிந்தது. "நல்ல பசை" என்றார்.

விசாரணைக்கு நான் போகவில்லை. நடவடிக்கைக் குறிப்பின் நகல் என்னிடம் இருக்கிறது. விசாரணை அதிகாரி ஒரு வக்கீல். முதலில் ஒரு கடிதத்தை வாசித்திருக்கிறார். மில் நிர்வாகம் குமரகுருபரனுக்கு நோட்டீஸ் விட்டிருந்தது. அவர் எழுதிய பதில். 'மேற்படி பக்கத்தில் உள்ள விவரங்கள் தங்கள் கணினிப் பிரிவைச் சேர்ந்த திரு. சு. ஐயம்பெருமாள் அவர்களால் எனக்குத் தரப்பட்டவை.' அப்பாவின் பெயரை அவர் எழுதிய ஒரே இடம் அது. இனிஷியலோடு, 'திரு'வோடு, 'அவர்கள்' போட்டு.

அடுத்து நோட்டு. குறிப்பில் கேள்வியும் பதிலும் இப்படி இருக்கின்றன.

இந்த நோட்டில் இருப்பது யார் கையெழுத்து? என்னுடையது.

மற்ற நால்வர் எழுதியது எங்கே? இப்போது இல்லை.

தாள்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் எழுதியவர்கள் யார்? ஞாபகம் இல்லை.

அவர்கள் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள்? ஞாபகம் இல்லை.

அப்பாவுக்கு எதுவும் மறக்காது. எந்தத் துண்டு எந்தத் தேதியில் யார் மெஷினில் ஓடியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மூன்று பெயர் சொல்லியிருந்தால், மூன்று கம்பெனியிலும் விசாரித்திருப்பார்கள், நோட்டு பொதுவானது என்று தெரிந்திருக்கும். அவர்கள் அவரைக் கைவிட்டார்கள். அவர் எங்களைக் கைவிட்டார். அன்றைக்கு நான் அப்படித்தான் நினைத்தேன். இன்றும் முழுக்க மாறவில்லை.

ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, "ஒரு வரிதான். பத்து நிமிஷம்கூட ஆகல" என்றார்.

பிறகு ஐந்து வருடம் மூன்று டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளில் மணிக்கு இவ்வளவு என்று சம்பளத்துக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தார். மில்லில் அந்தப் பதினோரு பேரில் ஆறு பேரை நிரந்தரமாக்கினார்கள். சொரிமுத்து அதில் இல்லை. ஒரு முறை கடைத்தெருவில் எதிரே வந்தவர் அப்பாவைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுப் போனார். அப்பாவும் அசைத்தார். அவர்களுக்குள் என்ன கணக்கு என்று எனக்குத் தெரியாது.

அந்த நால்வரை அப்பா திரும்பச் சந்திக்கவில்லை. திட்டவும் இல்லை. நோட்டில் பிறகு எதையும் எழுதவும் இல்லை. இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகள் குமரகுருபரனின் புத்தகத்தை வைத்துச் சந்தேகம் கேட்பார்கள். நான்காவது பதிப்பு. அப்பா சொல்லிக் கொடுப்பார். புத்தகத்தில் இருந்த அவருடைய பழைய தப்பையும் திருத்திக் கொடுப்பார்.

இந்தப் பிப்ரவரியில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலி. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

நேற்று மீரா மாமா வந்தார். சாவுக்கு வராதவர். தாடி முழுக்க நரைத்திருந்தது. அம்மா உட்காரச் சொன்னாள். அவர் நின்றுகொண்டே சட்டைக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்தார். அவர் வெட்டிய தாள்கள். எண்ணினேன். இருபத்தாறு.

"எரிக்கத்தான் வெட்டுனேன் தாயி. மனசு வரல. அவரு இருக்கும்போதே கொண்டாந்திருக்கணும். நாலஞ்சு தடவ பஸ் ஏறிட்டு பேட்டையில எறங்கித் திரும்பிட்டேன்."

"அன்னைக்கு இது இருந்திருந்தா அப்பாவுக்கு வேலை இருந்திருக்கும் மாமா."

"இருந்திருக்கும்."

மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"மொதல்ல வெட்டுனது நாந்தான்" என்றார். "நான் கையெழுத்துப் போட்டிருந்தா அடுத்தவுகளும் போட்டிருப்பாவ. எனக்கு அப்ப கட்டிக்கொடுக்க மூணு பொண்ணுக. மொதலாளி கிட்ட வாங்குன கடனும் இருந்துச்சு. அதெல்லாம் நீ கேக்க வேண்டாம். இத நோட்டுல ஒட்டிரு. அது போதும் எனக்கு."

மேலே இருந்த தாளைப் பார்த்தேன். பக்கத்தின் நீளத்தைப் பிரிண்டருக்குச் சொல்லும் வரி. கீழே, மாமாவின் எழுத்தில், ஓட்டிப் பார்த்த தேதி. அம்மா என்னைப் பார்த்தாள். வாங்கிக்கொள் என்பது போலத்தான் இருந்தது. ஒட்டினால் அவருக்குப் பாரம் இறங்கும். அப்பா அதை வாங்கியிருப்பார். காப்பியும் கொடுத்திருப்பார்.

தாள்களைக் கவரில் போட்டு அவர் கையில் திரும்பக் கொடுத்தேன்.

"இத எழுதினது யாருன்னு ஞாபகம் இல்லைன்னு அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காவ மாமா. அதுக்காக வேலைய விட்டுக்கொடுத்திருக்காவ. நான் இப்ப இத ஒட்டினா அவுக சொன்னது பொய்யாயிரும். நீங்களே வச்சுக்கிடுங்க."

அவர் கவரைத் திரும்பச் சட்டைக்குள் வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். அம்மா வாசல்வரை போனாள். நான் போகவில்லை.